மூணு சாண் திரி

கிணறு வெட்டும் கூட்டத்தில் மாயழகுதான் வாத்தியார். வயது நாற்பது. அவரிடம் வேலை பழகியவர் சடையன். வயது ஐம்பத்தைந்து. மூத்தவர் இளையவரை "வாத்தியாரே" என்பார். இளையவர் மூத்தவரை "அண்ணே" என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

பாறைக்கு வெடி வைப்பதில் மாயழகு ரொம்பக் கணக்குப் பார்ப்பார். புதுத் திரிச்சுருள் வந்தால் ஒரு சாண் நறுக்கிக் கொளுத்தி, கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார். திரிப் பெட்டிக்குள் இருக்கும் தாளை எடுத்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டுவார். கல்யாணம் ஆன பிறகுதான் அவர் எழுத்துப் படித்தார். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அதைச் சடையன் நடித்துக் காட்டினால் கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். தாளை மூக்கு நுனிக்குக் கொண்டுபோவார். "எ... ரி... யு... ம்... வே... க... ம்..." என்று மாயழகின் கட்டைக் குரலிலேயே இழுப்பார். கடைசியில் தாள் மேலேயே ஒரு தும்மல். மாயழகும் சிரிப்பார். அவர் தும்முவதும் அப்படித்தான்.

ஒரு நாள் காலையில் சடையன் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றார். பின்னால் மருமகன் வேலாயுதம்.

"வாத்தியாரே, உத்தரவு கொடுங்க. நான் தனிக் கூட்டம் சேர்க்கப் போறேன். மேற்கே மூணு கிணறு. மில்லுக்காரர் என்னையவே வெட்டச் சொல்லிட்டார்."

"கூட்டத்துல யாரு யாருண்ணே?"

"இந்தா, மருமகன் இருக்கான். அவன் தம்பிமார் ரெண்டு பேரு. இன்னும் மூணு பேரு. வெடி மட்டும் இப்போதைக்கு நான்."

"வெடி படிச்சு முடிச்சாச்சா?"

"பன்னெண்டு வருஷம் ஆச்சு வாத்தியாரே, இன்னும் என்ன மிச்சம்? இந்த ஊருக்கு முதக் கிணறு வெடிச்சது யாரு? நீங்க மேல நின்னீங்க, கொளுத்துனது நானு. முப்பதடியில தண்ணி! தண்ணி வந்துச்சு, பருத்தி வந்துச்சு. பருத்தி வந்துச்சு, மில்லு வந்துச்சு. மில்லு வந்துச்சு, பஸ்ஸு வந்துச்சு. இப்ப பரோட்டாக் கடையே மூணு! ஊரே என் மூணு சாண் திரியிலதான் வளர்ந்துச்சு."

"ஆமாண்ணே," என்றார் மாயழகு. "ஊரு வளர்ந்துருச்சு."

தட்டை அவர் வாங்கவில்லை.

"வாங்க. மேற்கே ஒரு கிணத்துல வெடிக்குழி தயாரா இருக்கு. திரியை நீளமா விட்டிருக்கேன். வேணும்கிற அளவு வெச்சுக்கிட்டு மீதியை நறுக்கிருங்க. கொளுத்திட்டு ஏறி வாங்க. அப்புறம் உத்தரவு."

மேற்கே இருந்தது புதுக் கிணறு. ஆளுக்கு ஆள் கிணறு வெட்டி, மோட்டார் போட்டு இறைத்ததில் ஊரின் தண்ணீர் கீழே கீழே போய்விட்டது. இது எண்பதடி. தண்ணீர் இன்னும் வரவில்லை.

சடையன் கயிற்றேணியில் இறங்கினார். பாறைத் துளையிலிருந்து திரி பாம்பு போல் நீண்டு கிடந்தது. மூன்று சாண் அளந்தார். மீதியை நறுக்கி மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"அ... ள... ந்... து... வை..." என்று மேலே பார்த்து இழுத்தார். கிணறு அதை மாயழகின் குரலிலேயே திருப்பிச் சொன்னது. மேலே யாரும் சிரிக்கவில்லை.

தீக்குச்சி கிழித்தார். ஸ்ஸ் என்றது. ஏறத் தொடங்கினார்.

மேலே மாயழகு எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

முதல் பத்துப் படியைச் சடையன் விசிலடித்துக்கொண்டே ஏறினார். பதினைந்தில் மூச்சு வாங்கியது. விசில் நின்றது. இருபத்தைந்தில் அண்ணாந்து பார்த்தார். இந்நேரம் கிணற்று வாய்க்கல் கைக்கு எட்டியிருக்க வேண்டும். வானம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவில் தூரத்தில் கிடந்தது.

குனிந்து பார்த்தார். அங்கேதான் தப்புச் செய்தார்.

பழைய திரி கருகிக் கருகி மெதுவாகப் போகும். இது ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புப் புள்ளி பாதிக்கு மேல் வந்துவிட்டது.

"முப்பத்தி ரெண்டு. முப்பத்தி மூணு."

தாவித் தாவி ஏறினார். கயிறு உள்ளங்கையில் வழுக்கியது.

"மாமா! ஏறுங்க மாமா!" வேலாயுதம் மேலிருந்து ஏணியைப் பிடித்து இழுத்தான். ஏணி ஆடியதுதான் மிச்சம். அவன் முகம் வட்டத்தின் விளிம்பில் தெரிந்தது. நாளைக்கு இந்த ஏணியில் இவன் தொங்குவான் என்று சடையனுக்குத் தோன்றியது. நான் அளந்து கொடுத்த மூணு சாணை நம்பித் தொங்குவான்.

"நாப்பத்தஞ்சு. நாப்பத்தாறு."

புள்ளி துளைக்குள் நுழைந்தது.

எண்ணுவது நின்றது.

சடையன் ஏணியைக் கட்டிக்கொண்டு முகத்தைப் பாறையில் புதைத்தார். வேட்டி நனைவது தெரிந்தது. தடுக்க முடியவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை.

கொஞ்சம் புகை வந்து, அவரைத் தாண்டி மேலே போனது.

"அண்ணே," என்றது மாயழகின் குரல். "நாப்பதாவது படியில நிக்கிறீங்க. இன்னும் நாப்பது இருக்கு. மெதுவா வாங்க."

மேலே வந்த சடையன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார்கள். டம்ளரில் பல் தட்டும் சத்தம் கேட்டது.

"வெடிமருந்து வைக்கலையா?"

"இல்லண்ணே. களிமண்ணுதான்."

வேலாயுதம் பாய்ந்து மாயழகின் சட்டையைப் பிடித்தான். "விடுறா," என்றார் சடையன். விட்டான்.

"வாயால சொல்லியிருக்கலாம்ல வாத்தியாரே?"

"சொன்னேனே. நீங்க அதை நடிச்சுக் காட்டுனீங்க."

சடையன் கழுத்தில் இன்னும் திரி மாலை கிடந்தது. மாயழகு அதைக் கழற்றிச் சுருட்டி வைத்தார். சட்டைப் பையிலிருந்து, நாலாக மடித்த பெட்டித் தாளை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"பாடம் சொல்ற முறையா இது? உங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது யாரு?" என்று கேட்டார் சடையன்.

"என் வாத்தியார். முப்பது வருஷம் வெடி வெச்சவர். அன்னிக்குப் புதுச் சுருள். அவரும் ஏணியில பாதியிலதான் நின்னார். அவர் திரிக்குக் கீழே மருந்து இருந்துச்சு."

சடையனின் விரல் தாளின் முதல் எழுத்தில் நின்றுவிட்டது. தலை நிமிராமல் கேட்டார்.

"அந்தப் பெட்டியில தாள் இல்லையா?"

"இருந்துச்சுண்ணே. நாங்க ரெண்டு பேரும் அதுல வடை வெச்சுத் தின்னோம்."