சென்னியப்பன் கட்டிய பை

"எப்பத்தானுங்க டீச்சர் என்னைத் தனியா விடுவீங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

மலையேற வருகிறவர்களைக் கூட்டிப் போகிறவள் சுகுணா. அவளிடம்தான் அவர் வழிகாட்டித் தொழில் பழகினார். வயதில் அவளுக்கு ரொம்ப மூத்தவர். ஏறுவதிலும் அவளைவிட வேகம். அப்புறம் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

"நாளைக்கு நாம ரெண்டு பேர் மட்டும். உச்சியைத் தொட்டுட்டு இருட்டறதுக்குள்ள திரும்பணும். சாப்பாடு, தண்ணி, சாமான் எல்லாம் யோசிச்சு நீங்க ஒரு பை கட்டுங்கண்ணா. நான் ஒண்ணு கட்டறேன். சரியா வந்தா ஞாயித்துக்கிழமை மலையேற வர்ற கூட்டம் உங்களுது."

காலையில் சென்னியப்பன் தன் பையை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினார்.

"பூ மாதிரி! ஒரு பாட்டில் தண்ணி, ரெண்டு கடலை மிட்டாய். எனக்கு இதே தாராளமுங்க."

"மேல ஊத்தெல்லாம் வத்திக் கெடக்குதே?"

"எனக்கெல்லாம் தாகமே எடுக்காதுங்க."

சுகுணா அந்தப் பையை வாங்கித் தன் தோளில் மாட்டினாள். தன்னுடையதை அவரிடம் நீட்டினாள்.

"பரீட்சை நடையில இதுதான் பழக்கம். ஒருத்தர் கட்டினதை இன்னொருத்தர் சுமக்கணும். அதுல இருக்கறதுதான் அவங்களுக்கு."

அவள் பை கனத்தது. முனகிக்கொண்டே ஏறினார்.

பாதி மலையில் திறந்து பார்த்தார். நிறையத் தண்ணீர். புளிசாதம். உப்புப் போட்ட எலுமிச்சை. டார்ச். அடியில் ஒரு முட்டிப் பட்டை, அவர் அளவுக்கு.

இடது முட்டி வலிப்பதை அவர் யாரிடமும் சொன்னதே இல்லை.

சுகுணா பாறையில் உட்கார்ந்து காலி பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. அவரிடம் தண்ணீர் கேட்கவில்லை.

"இதைக் குடிங்க டீச்சர்."

குடித்தாள். நிறையவே குடித்தாள்.

"போலாமாண்ணா? உச்சி அதோ தெரியுது."

சென்னியப்பன் உச்சியைப் பார்த்தார். மிச்சத் தண்ணீரைப் பார்த்தார்.

"எறங்கலாமுங்க."

"ஏன்?"

"போய்த் திரும்ப ரெண்டு பேருக்கும் பத்தாது."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"போச்சு. போகட்டும்."

முட்டிப் பட்டையை மாட்டிக்கொண்டு அடிவாரம்வரை இறங்கினார்.

பஸ் நிற்கும் இடத்தில் சுகுணா தன் பையைக் கேட்டு வாங்கினாள். உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, காலிப் பையைத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க கூட்டத்தோட நானும் வர்றேண்ணா. என் பையை நீங்களே கட்டிடுங்க."