முட்டை லாரி வழக்கு

லாரி செய்யும் மூன்று கம்பெனிகள் ரகசியமாகக் கூடிப் பேசி விலையை ஏற்றி வைத்திருந்தன. அது அம்பலமானதும், அந்த விலைக்கு வாங்கிய ஒற்றை லாரியில் நாமக்கல்லில் முட்டை ஏற்றும் பொங்கியண்ணன் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

கம்பெனி வக்கீல் ஏதோ கோட்டையைப் பிடித்தவர் போல எழுந்தார். "இவருக்கு ஏது நஷ்டம்? லாரிக்குக் கூடுதலாகக் கொடுத்ததை வாடகையில் ஏற்றிவிட்டார். வியாபாரி அதை முட்டை விலையில் ஏற்றிவிட்டார். நஷ்டமெல்லாம் முட்டை தின்றவனுக்குத்தான்!"

பொங்கியண்ணன் நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டார். "வக்கீல் சொல்றது வாஸ்தவமுங்க. நான் வழக்கை விட்டுடறேனுங்க. ஆனா அய்யா, நீங்க காலைல என்னங்க சாப்பிட்டீங்க?"

"ரெண்டு ஆம்லெட்" என்ற நீதிபதி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாக வக்கீல் பக்கம் திரும்பினார். "அப்போ என்னைத்தான் ஏமாத்தியிருக்கீங்க?"

வக்கீல் அவசரமாகக் கைகூப்பினார். "ஐயோ, இல்லை மைலார்ட்! முழு நஷ்டமும் இவருக்குத்தான்!"