எந்தப் பெட்டி, டீச்சர்?

“டீச்சர், இதுல எது உண்மை சொல்லுது?”

பொற்கொடி மேசைமேல் இரண்டு பெட்டிகளை வைத்தாள். ஒன்று கறுப்பு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. மற்றது வெள்ளி நிறம், சோப்புக்கட்டி அளவு.

அமலோற்பவம் டீச்சர் பெட்டிகளைப் பார்க்கவில்லை. வந்தவளைப் பார்த்தார்.

“முதல்ல தண்ணி குடிங்க அக்கா,” என்றார்.

பொற்கொடி சென்னையில் பாட்டுகளுக்கு ஒலி கலப்பவள். குரல் இவ்வளவு, வயலின் இவ்வளவு, தாளம் இவ்வளவு என்று எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் உட்கார வைத்து ஒரே பாட்டாக்கிக் கொடுக்கும் வேலை. தொழிலில் மிக்ஸிங் என்பார்கள். அதில் அவளுக்குப் பெரிய பெயர். பொற்கொடியின் காது வழியாகப் போய்விட்டால் போதும், பாடகர்கள் அதற்குமேல் கவலைப்பட மாட்டார்கள்.

டீச்சர் அவளைவிட வயதில் சின்னவர். கல்லூரியில் ஒலியியல் நடத்திக்கொண்டிருந்தார். அந்த வேலையை விட்டுவிட்டுத் தாண்டிக்குடி மலையில், காப்பிச் செடிகளுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒலித்தொழிலில் இருப்பவர்கள் அவரைத் தேடி மலையேறி வருவார்கள். அவர் பாடம் எதுவும் நடத்த மாட்டார். உட்காரச் சொல்வார். என்னென்ன கேட்கிறது என்று கேட்பார்.

அவ்வளவுதான்.

ஆனால் திரும்பிப் போனவர்கள் வேறு காதோடு போனார்கள். பொற்கொடியும் அப்படித்தான் அவருக்குச் சிஷ்யை ஆனாள். முன்பெல்லாம் அடிக்கடி வந்துகொண்டிருந்தாள். பிறகு வேலை பெருகியது. சில வருஷங்களாக வரவில்லை.

இப்போது வந்திருக்கிறாள்.

தண்ணீரைக் குடித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். வாடகைக்கு எடுத்திருந்த ஸ்டுடியோவை விட்டுவிட்டாள். இனி ஊர் ஊராகப் போய், லேப்டாப்பிலும் ஹெட்போனிலுமே வேலை. லேப்டாப்பில் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறது. அதை மறுபடி ஒலியாக மாற்றி, ஹெட்போனுக்குப் போதுமான பலம் கொடுத்து அனுப்ப ஒரு சின்னப் பெட்டி வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். டாக் என்றும் ஆம்ப் என்றும் சொல்வது அதைத்தான்.

அந்தப் பெட்டிதான் அவளைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

எதை வாங்கினாலும் முதல் நாள் நன்றாக இருக்கிறது. இரண்டாவது வாரத்தில் பாட்டின்மேல் யாரோ போர்வை போர்த்தியதுபோல் ஆகிவிடுகிறது. விற்றுவிட்டு வேறு வாங்குகிறாள். அதுவும் அப்படியே. சலங்கை ஒலிப்பது கேட்கிறதாம், சலங்கையின் பளபளப்பு கேட்கவில்லையாம்.

“கறுப்பு கொஞ்சம் மந்தம். வெள்ளி கொஞ்சம் தேவல. ஆனா ரெண்டுலயும் எனக்கு நம்பிக்கை வரல டீச்சர்.”

டீச்சர் அவள் பேசும்போது அவள் வாயையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாராவது ஏதாவது சொன்னாங்களா?”



பொற்கொடி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு நிறைமதியைப் பற்றிச் சொன்னாள்.

நிறைமதி பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக் கொடுக்கும் பெண். தானே மெட்டமைத்து, தானே பாடி, முதன்முதலாக ஒரு தொகுப்பு வெளியிடப் போகிறாள். அதற்காக எத்தனையோ ஆசைகளைத் தள்ளி வைத்தவள். பொற்கொடி அக்காதான் மிக்ஸிங் செய்ய வேண்டும் என்று காத்திருந்து கொடுத்தாள். முடித்துக் கொடுத்ததைக் கேட்டுவிட்டு நேரில் வந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, ‘ச’ எழுத்து வருகிற இடமெல்லாம் காதில் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று சொன்னாள்.

வயலின்காரர் இருந்தார். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் பொற்கொடி பதில் சொன்னாள்.

“என்ன சொன்னீங்க?”

“உனக்குக் குரல் இருக்கு, காது இல்லன்னு சொன்னேன்.”

 அந்தப் பெண் கழுத்தில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு போன் செய்யவில்லை. தொகுப்பும் வெளிவரவில்லை. இனிமேல் பாடப்போவதில்லை என்று யாரிடமோ சொன்னாளாம்.

“அவ பொய் சொல்ற பொண்ணு இல்ல டீச்சர். என் காதும் பொய் சொல்லாது. அப்போ நடுவுல இருக்கிற பெட்டிதானே பொய் சொல்லியிருக்கணும்?”

டீச்சர் அந்தப் பாட்டைப் போடச் சொன்னார்.

பொற்கொடி கறுப்புப் பெட்டியை லேப்டாப்பில் செருகி, ஹெட்போனை டீச்சரிடம் கொடுத்தாள். பாட்டு தொடங்கியதும் டீச்சரின் தோள்கள் இறுகின. கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்தது. ஆனால் ஹெட்போனைக் கழற்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

வெள்ளிப் பெட்டியை மாட்டச் சொன்னார். மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

லேப்டாப் திரையில் பாட்டின் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அதன் வலது ஓரம், மிகக் கூர்மையான ஒலிகளைக் காட்டும் இடம், செங்குத்துப் பாறைபோல் நின்றது. டீச்சர் அதைப் பார்த்தார்.

“கோட்டைப் பார்க்காதீங்க டீச்சர்,” என்றாள் பொற்கொடி. “கோடு கேக்காது. காதுதான் கேக்கும்.”

“ஆமா,” என்றார் டீச்சர்.

ஹெட்போனைக் கழற்றினார்.

“எது டீச்சர்?”

“ரெண்டும் உண்மையைத்தான் சொல்லுது.”

பொற்கொடிக்குக் கோபம் வந்தது. இதைக் கேட்கவா மெட்ராஸிலிருந்து வந்தேன் என்று நினைத்தாள். சொல்லவில்லை. ஆனால் பெட்டிகளை உறைக்குள் திணித்த விதத்தில் அது தெரிந்தது.

டீச்சர் கொடியில் கிடந்த சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

“அதெல்லாம் இங்கேயே இருக்கட்டும். வாங்க.”

வீட்டுக்குப் பின்னால் சரிவு. காப்பிச் செடிகளுக்கு மேலே சவுக்கு மரங்கள் நிழல் போட்டிருந்தன. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பாறையைக் காட்டி டீச்சர் உட்காரச் சொன்னார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கேளுங்க.”

பழைய பாடம். பொற்கொடிக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது. இதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும். முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடினாள்.

ஒவ்வொன்றாகச் சொன்னாள். கீழே வளைவில் பஸ் ஹாரன் அடிக்கிறது. அந்தச் சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பி வருகிறது. இடது பக்கம் யாரோ விறகு வெட்டுகிறார்கள். காய்ந்த மரம், பச்சை இல்லை. எங்கோ ரப்பர் குழாயில் தண்ணீர் போகிறது, நடுவில் காற்று புகுந்து திக்குகிறது. ஒரு பெண் மாட்டை அதட்டுகிறாள்.

எல்லாம் சரியாக இருந்தது.

“வேற?”

டீச்சரின் சால்வை பாறையில் உரசுவதைச் சொன்னாள்.

“வேற?”

பொற்கொடி இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள். அவள் முகம் மெல்ல மெல்லத் தளர்ந்தது.

“வேற ஒண்ணும் இல்ல டீச்சர். முன்னெல்லாம் வந்தா இந்த நேரத்துக்குப் பூச்சிச் சத்தம் தாங்காது. தோட்டத்துல மருந்து அடிக்கிறாங்க போல. இப்ப என்ன ஒரு அமைதி.”



பொற்கொடி கண்ணைத் திறந்தாள். டீச்சர் சால்வையின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். 

பிறகு அவர் எழுந்தார்.

ஓசைப்படாமல் ஒரு காப்பிச் செடியின் அருகே போனார். கொஞ்ச நேரம் இலைகளுக்குள் தேடினார். கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

பொற்கொடி போய்க் குனிந்தாள்.

இலையின் அடியில் ஒரு பச்சைப் பூச்சி. விரல் நகம் அளவுதான் இருக்கும். முதுகில் இறக்கைகளைத் தூக்கி வைத்திருந்தது. இரண்டு இறக்கைகளும் ஒன்றோடு ஒன்று உரசி, விளிம்பே தெரியாத அளவுக்கு அதிர்ந்துகொண்டிருந்தன. நின்றன. மறுபடி அதிர்ந்தன.

“என்ன பண்ணுது டீச்சர்?”

“பாடுது அக்கா.”

பொற்கொடி காதை இலையருகே கொண்டுபோனாள்.

இறக்கைகள் அதிர்ந்தன. நின்றன. அதிர்ந்தன.

இன்னொரு காதைக் கொண்டுபோனாள்.

கீழே விறகு வெட்டும் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் கேட்டது.

அவள் நிமிர்வதற்கு வெகுநேரம் ஆனது.

“இது ஒண்ணுதானா?”

“மலை முழுக்க,” என்றார் டீச்சர்.

பொற்கொடி அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

தான் விற்ற பெட்டிகள் அவள் நினைவுக்கு வரவில்லை. நிறைமதி வந்தாள். தலை குனிந்து நின்ற நிலை வந்தது. அந்தப் பெண்ணின் ஒவ்வொரு ‘ச’வையும், தனக்குக் கேட்கவில்லை என்பதற்காக, ஏற்றி ஏற்றி ஊசியாக்கி அவள் காதிலேயே குத்தியது தன் கைதான் என்று புரிந்தது.

பொழுது இன்னும் இறங்கியது.

“வீட்டுலயே சொல்லியிருக்கலாமே டீச்சர்,” என்றாள்.  “பாட்டைக் கேட்டப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு இல்ல?”

“தெரிஞ்சுது. சொல்லியிருந்தா இன்னொரு பெட்டி வாங்கியிருப்பீங்க.”

பொற்கொடி மறுக்கவில்லை.

டீச்சர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மதுரையில் காது டாக்டர் ஒருவரைத் தெரியும், நாளைக்குத் தானும் கூட வருவதாகச் சொன்னார். வருஷக்கணக்கில் ஹெட்போன் சத்தத்திலேயே இருந்தவர்களுக்கு இப்படி ஆவது உண்டு. பேச்சு எப்போதும்போலவே கேட்பதால் தெரியாமலே போய்விடும் என்றார். போனது திரும்புமா என்று அவள் கேட்டாள். திரும்பாது என்று நேராகவே சொன்னார்.

அதைக் கேட்டபின்தான் பொற்கொடி அழுதாள். சத்தம் வராமல் அழுதாள். டீச்சர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எப்படி இருக்கு டீச்சர்?”

“எது?”

“மலை.”

டீச்சர் அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையை மேல்பக்கமாகத் திருப்பித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். ஆள்காட்டி விரலின் நகத்தால் உள்ளங்கையில் மெல்ல மெல்லக் கீறினார். விடாமல் ஒரு நெருக்கமான கீறல். நடுவில் சின்ன இடைவெளி. பிறகு இன்னொரு விரல் வேறொரு நடையில் சேர்ந்துகொண்டது. கொஞ்சம் பொறுத்து மூன்றாவது விரல், மணிக்கட்டின் அருகே, தூரத்திலிருந்து வருவதுபோல் மிக லேசாக.

பொற்கொடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

விரல்கள் நின்றபோது சவுக்கு மரங்களின் நிழல் வீட்டுக் கூரையைத் தொட்டிருந்தது.

“போன் எங்க எடுக்கும் டீச்சர்?”

பாறைமேல் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும் என்றார்.

நிறைமதி முதலில் எடுக்கவில்லை. மறுபடி அடித்ததும் எடுத்தாள்.  பொற்கொடி பூச்சியைப் பற்றிச் சொன்னாள். தன் காதைப் பற்றிச் சொன்னாள். வயலின்காரரையும் அன்றைக்கு இருந்த மற்றவர்களையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னாலேயே இதைச் சொல்லப்போவதாகவும் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். 

“பாட்டு கெட்டுப் போகல மதி. நான் ஏத்தினதை இறக்கினா போதும். ஆனா எனக்கு எங்கேன்னு தெரியாது. நீ வரணும்.”

“நான் வந்து என்ன அக்கா பண்றது?”

“பெட்டி ரெண்டு இருக்கு. எதுல கேக்கிறதுன்னு நீயே எடு. பக்கத்துல உக்காரு. குத்துற இடம் வந்தா வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம். என் கையை அழுத்து.”

நிறைமதி மிகச் சின்னக் குரலில் கேட்டாள்.

“தப்பான இடத்துல அழுத்திட்டேன்னா?”

“நீ அழுத்து,” என்றாள் பொற்கொடி. “நான் பாட்டை நிறுத்துறேன்.”