காடை வளர்த்த கலர்ச் சேம்பு

குளக்கரையில் பவளி என்ற காடை மூன்று குஞ்சுகளோடு குடியிருந்தாள். முதல் தடவையாக அம்மா ஆனவள். இலை அசைந்தால் பயம். அசையாவிட்டால் அதைவிடப் பயம்!

முட்டையிடும் முன்பே அவள் ஈரமண்ணில் ஒரு கலர்ச் சேம்புக் கிழங்கைப் புதைத்து வைத்திருந்தாள். இப்போது அது யானைக் காது போல இலை விரித்துப் புதராகி நின்றது. ஓர் இலையில் ரோஸ் புள்ளி. இன்னொன்றில் வெள்ளை நரம்பு. மற்றொன்று பாதி சிவப்பு, பாதி பச்சை. அடியில் குஞ்சுகள் அசையாமல் உட்கார்ந்தால் புள்ளி எது, குஞ்சு எது என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் பவளிக்கு நிம்மதி இல்லை. "ஒரே கிழங்குதானே! ஏன் ஒவ்வொரு இலையும் ஒவ்வொரு மாதிரி? ஏதாவது சீக்கா? குஞ்சுகளுக்கு ஒட்டிக்கிட்டா?"

அந்த நேரம் பார்த்து ஒரு செம்போத்துப் பறவை குறுக்கே நடந்து வந்தது. செம்போத்தைப் பார்த்தால் நல்ல சகுனம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது குஞ்சு தின்னும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை!

"என்னம்மா, முகம் வாடியிருக்கு?"

பவளி மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள்.

செம்போத்து சிவந்த கண்ணை உருட்டியது. "அடடா, முத்தின சீக்கு! வேற மாதிரி இருக்கிற இலையையெல்லாம் கிள்ளிடணும். நானே கிள்ளித் தர்றேன். கூலியே வேண்டாம்!"

"நல்லா இருப்பீங்க ஐயா!"

செம்போத்து ரோஸ் இலையைக் கடித்தது. "இது அது மாதிரி இல்லை!" வெள்ளை இலையைக் கடித்தது. "இது இது மாதிரி இல்லை!" கடிக்கக் கடிக்கச் சாறு நாக்கில் ஏறியது. "க்ஹும்!" என்று செருமியது.

"தண்ணி குடிக்கிறீங்களா ஐயா?"

"வேலையைப் பாதியில்... க்ஹும்... விடக்கூடாது!"

"அம்மா, வெயில் அடிக்குது!" என்றது ஒரு குஞ்சு.

"சும்மா இரு. வைத்தியர் கோவிச்சுக்குவார்!"

கடைசியில் ஒரே ஓர் இலைதான் மிஞ்சியது. மூன்று குஞ்சுகளும் அதனடியில் நெருக்கியடித்து உட்கார்ந்தன.

"இதுவும் வேற மாதிரிதான். நகரு!" என்றது செம்போத்து.

பவளி திகைத்தாள். "இருக்கிறதே ஒண்ணு. எதைப் பார்த்து வேற மாதிரின்னு சொல்றீங்க?"

செம்போத்தின் கண் இலையில் இல்லை. இலைக்கு அடியில் இருந்தது!

பவளி குறுக்கே போய் நின்றாள். "கண்ணுகளா, அசையாதீங்க!"

பாய்வதற்காகச் செம்போத்து வாயைத் திறந்தது. திறந்த வாயை மூட முடியவில்லை! சேம்புச் சாறு அரித்து, நாக்கு கம்பளிப்பூச்சி மாதிரி வீங்கிக் கிடந்தது. 'அரிக்குதே' என்று சொல்லக்கூட வாய் வராமல் "அலிக்குலே! அலிக்குலே!" என்று கத்தியது. பவளி காலால் மண்ணை வாரி அதன் முகத்தில் இறைத்தாள். செம்போத்து குளத்துச் சேற்றில் அலகைத் தேய்த்துத் தேய்த்து, தட்டுத் தடுமாறி ஓடியே போனது.

"அம்மா, அந்த ஐயாவுக்குத்தான் சீக்கா?"

"ஆமாம் கண்ணு. பசிச் சீக்கு!"

சில நாளில் கிழங்கு புது இலைகளை விட்டது. இந்தத் தடவையும் ஒன்றுபோல ஒன்று இல்லை. பவளி யாரிடமும் போய்க் கேட்கவில்லை. குஞ்சுகளை இலைக்கு அடியில் விட்டுவிட்டு, நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டாள்.

வேறு மாதிரி இருப்பதெல்லாம் சீக்கு அல்ல. நம் பயத்துக்கு மருந்து சொல்ல வருகிறவரின் கண் எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.