கொற்றியின் ஆறாவது பூதம்

அந்தக் காலத்தில் பூதங்கள் பேசின. பேசியதோடு நிற்காமல் எதிர்த்தும் பேசின. அவற்றைப் பழக்கி மோதவிடும் மலைநாட்டில் நான்கு வீரர்கள் இருந்தார்கள். ஆளுக்கு ஓர் இருக்கை, ஆளுக்கு ஆறு பூதங்கள்.

அவர்களை வெல்ல ஊர் ஊராக ஆட்கள் மலையேறினார்கள். யார் எதில் கெட்டி என்று தெரியாமல் வந்தவர்கள் குழம்பினார்கள். எனவே மலைச்சபை ஒரு சட்டம் போட்டது. ஒரு வீரருக்கு ஒரே இனம். நெருப்பு என்றால் ஆறும் நெருப்பு. மீறினால் இருக்கை போய்விடும். சட்டத்தைக் கொண்டுவந்தவர் தண்ணீர் வீரர் பாண்டரங்கன். எதிலும் சுத்தம் பார்க்கிற மனுஷன்.

நெருப்பு வீராங்கனை கொற்றி தன் பூதங்களை எண்ணிப் பார்த்தாள். அவளுடைய பூதங்களில் ஐந்துதான் நெருப்பு. ஆறாவது, நுணலன் என்ற கன்றுக்குட்டி அளவுத் தவளை. சுத்தமான தண்ணீர் இனம். இருக்கை கிடைப்பதற்கு முன்பே, மற்ற ஐந்தும் வருவதற்கு முன்பே, அவளோடு இருந்தவன்.

"நான் போயிடறேன் கொற்றி. இருபது வருஷம் பாடுபட்டு வாங்கின இடம்," என்றான் நுணலன்.

"பேசாம நில்லு." அவள் செம்மண்ணைக் குழைத்து அவன் உடம்பெல்லாம் பூசினாள். "சபையில வாயைத் திறக்காதே. நெருப்புப் பூதம் மாதிரி முகத்தை வச்சுக்கோ."

"அது எப்படி இருக்கும்?"

"சோறு தாமதமானா உனக்கு ஒரு முகம் வருமே, அது."

சபை பூதங்களின் இனத்தைச் சோதிக்கும் நாளன்று உச்சி வெயிலில் ஆறு பூதங்களும் வரிசையாக நின்றன. பாண்டரங்கன் ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஐந்து நெருப்புகளின் பக்கத்தில் நின்ற நுணலனுக்கு உடம்பு காய்ந்தது. பூசிய மண் வெடித்தது. வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தாள், அவன் திறக்கவில்லை. கண்கள் மட்டும் மெல்ல மூடின.

கொற்றி அதைப் பார்த்தாள். சபையாருக்கு வைத்திருந்த தண்ணீர்ப் பானையைத் தூக்கி வந்து அவன் தலையில் கவிழ்த்தாள். செம்மண் கரைந்து ஓட, பச்சை முதுகு எல்லாருக்கும் தெரிந்தது.

"ஆமா, தவளைதான்," என்றாள். "இருக்கையை எடுத்துக்கோங்க. இவனை விடமாட்டேன்."

பாண்டரங்கன் தொண்டையைக் கனைத்தார். "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். இருக்கையை விட்டு..."

அவர் சால்வைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. "அப்போ என்னையும் அனுப்பிடுவீங்களா ஐயா?"

வாலில் சுடர் எரியும் ஒரு பல்லி தலையை நீட்டியது. நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவருக்கு விரல்கள் விறைத்துப்போகும். சின்ன வயதிலிருந்தே அவற்றைச் சூடேற்றி வந்தது அந்தப் பல்லிதான். மற்ற இரண்டு வீரர்களும், உள்ளே ஏதோ நெளிந்த தங்கள் மூட்டைகளைப் பின்னால் தள்ளி வைத்தார்கள்.

பாண்டரங்கன் பல்லியை மெல்ல உள்ளே தள்ளினார்.

"உன் இடத்துல உட்காரும்மா," என்றார். "வெயிலா இருக்கு."

சட்டத்தை யாரும் அழிக்கவில்லை; சோதனைக்கு வருகிறவர்கள் ஐந்தோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்கள். அன்று முதல்தான், நெருப்பு வீரர் என்ற பலகையை நம்பி ஆட்டத்துக்குப் போகிறவர்கள் முன்னால் கடைசியாக ஒரு தவளை வந்து நிற்கிறது. ஏமாற்றிவிட்டார் என்று அவரைத் திட்டாதீர்கள். கடைசியில் வருகிற அதுதான் அவரிடம் முதலில் வந்தது.