பன்றிக்குத் தெரியாத மருந்து

அந்தக் காலத்தில், செடிகொடிகளுக்கும் வாய் இருந்தபோது, சேப்பங்கிழங்கைப் பச்சையாகவே கடித்துத் தின்னலாம். அவ்வளவு இனிப்பு. அந்த இனிப்புதான் குளக்கரைச் சேம்புக்கு வினையாக வந்தது.

காட்டுப்பன்றி ஒன்று தினமும் சகதியைக் கிளறி, தாய்க்கிழங்கு குட்டிக்கிழங்கு என்று பார்க்காமல் வாரித் தின்றது. பக்கத்தில் குடியிருந்த அங்காயி என்ற பெண்ணும் தோண்ட வருவாள்தான். ஆனால் பிள்ளைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, குட்டிக்கிழங்கைத் திரும்பச் சேற்றில் ஊன்றிவிட்டுப் போவாள். அவள் என்றால் சேம்புக்குப் பிரியம். பன்றி என்றால் நடுக்கம். கரை முழுக்க இருந்த சேம்பில் கடைசியாக ஒரே ஒரு புதர்தான் மிஞ்சியது.

பயந்துபோன சேம்பு, வேலியில் படர்ந்திருந்த காஞ்சொறியிடம் கொஞ்சம் சுணை கேட்டது. தொட்டாலே சுணை குத்தி அரிக்கும் கொடி அது.

"தர்றேன். ஆனா குடுத்தது குடுத்ததுதான். வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு சுணை ஆள் பாக்காது" என்றது காஞ்சொறி.

சேம்புக்கு யோசிக்க நேரமில்லை. வெளியே வைத்தால் பன்றி உஷாராகிவிடும் என்று, வாங்கிய சுணையை அப்படியே விழுங்கிவிட்டது.

மறுநாள் பன்றி ஒரு வாய் கடித்ததுதான், அலறிக்கொண்டு ஓடியது. சேம்புக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தச் சிரிப்பெல்லாம் சாயங்காலம் வரைக்கும்தான். மதியம் கிழங்கு எடுத்துப்போன அங்காயி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"எம்புள்ள தொண்டையப் புடிச்சுக்கிட்டு அழுவுறான். அந்தப் பன்னியும் நானும் உனக்கு ஒண்ணா?"

வெட்கத்தில் சேம்பின் இலைகள் தொங்கிப்போயின. மருந்து அதற்கும் தெரியாது. பன்றியின் அலறல் கரைமேல் இருந்த புளியமரத்தடியில் சட்டென்று நின்றது மட்டும் காதில் விழுந்திருந்தது. அதைச் சொன்னது.

அங்காயி அங்கே போனாள். பன்றி சொகுசாகப் படுத்திருந்தது. எப்படிச் சரியானது என்று கேட்டாள்.

"இந்த மரத்துல முதுக ஒரு தேய் தேய்ச்சேன். அரிப்பு போன இடம் தெரியல. மருந்து தெரிஞ்சுபோச்சு, நாளைக்கு மிச்சத்தையும் திங்க வர்றேன்னு அந்தச் சேம்புகிட்டச் சொல்லிடு."

அங்காயி கீழே பார்த்தாள். பன்றி உரசிய உரசலில் மரம் குலுங்கிப் பழமெல்லாம் உதிர்ந்திருந்தது. அதன் வாயருகே மென்று துப்பிய ஓடும் கொட்டையும் கிடந்தன. அவளுக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. உதிர்ந்த பழத்தில் ஒன்றைக்கூட விடாமல் மடியில் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். புளியைக் கரைத்துக் கொடுத்ததும் பிள்ளை அழுகையை நிறுத்தினான். அவளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

மறுநாள் பன்றி கடித்தது, அலறியது, புளியமரத்தில் தேய்த்தது. மரத்தில் உதிர ஒன்றும் மிச்சமில்லை. தோல் உரிந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு அது குளக்கரைப் பக்கமே வரவில்லை.

அன்று முதல்தான், சேப்பங்கிழங்கு அடுப்பில் ஏறினால் கூடவே புளியும் ஏறுகிறது. பன்றியோ, தன்னைக் குணமாக்கியது எதுவென்று இன்னும் தெரியாமல், கண்ட மரத்திலெல்லாம் முதுகைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு திரிகிறது.