வராத வெள்ளைச் சீட்டு

"சாமிக்குக் காது கேக்குமா, அம்மை?"

விழுந்து கும்பிட்டு எழுந்ததும் தனபாக்கியம் இதைத்தான் கேட்டாள்.

அம்மை விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

ஊரின் கடைசியில், குன்றின் அடிவாரத்தில் ஒரு சின்ன ஓட்டுக் குடில். உள்ளே ஒரு விளக்கு எரியும். அதைத் தவிர சாமி என்று அங்கே வேறு எதுவும் கிடையாது. விளக்கைப் பார்த்துக்கொள்கிறவரை ஊரில் எல்லோரும் அம்மை என்பார்கள். வயது என்று பார்த்தால் தனபாக்கியத்தின் மூத்த மகளைவிடச் சின்னவர். ஆனாலும் தனபாக்கியம் தினமும் காலையில் வந்து, நெற்றி தரையில் படும்படி அவர் காலில் விழுவாள். அம்மை திருநீறு பூசிவிடுவார். அது நெற்றிக்கு வந்த பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும்.

"கேக்கும்" என்றார் அம்மை. "நீங்க என்ன சொன்னீங்க?"

"தண்ணி, அம்மை."

வடக்குத் தெருக் குழாயில் கொஞ்ச நாளாகவே சாக்கடை நாற்றம். வடிகட்டினால் துணியில் வழவழவென்று ஏதோ ஒட்டுகிறது. காய்ச்சினாலும் வாடை போகவில்லை. பக்கத்து வீட்டு அமுலுவின் பையன் மஞ்சள் காமாலையோடு பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறான்.

தனபாக்கியத்தின் மருமகள் நிரோஷாவுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது இந்தக் காமாலை வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதிலிருந்து தினமும் விடிந்ததும் மருமகளை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து, கீழ் இமையை இழுத்துக் கண்ணைப் பார்ப்பது தனபாக்கியத்துக்கு வழக்கமாகிவிட்டது.

"இன்னைக்கும் வெள்ளையாத்தான் இருந்துச்சு. நாளைக்கும் இருக்கணுமே. நானும் கும்பிடாத நாள் இல்லை. ஒரு பதிலும் இல்லை, அம்மை."

"சாமிகிட்ட சொன்னீங்க. மனுஷங்ககிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பேனா? ஓட்டுப் போட்ட எல்லார் வீட்டுக்கும் போய் நின்னுட்டு வந்துட்டேன்."

முதலில் மஞ்சள் ஓட்டுச் சீட்டில் ஜெயித்தவரிடம் போனாளாம். மாவட்டக் கவுன்சிலர். இருக்கிறதிலேயே பெரியவரைப் பார்த்துவிட்டால் காரியம் சீக்கிரம் முடியும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அவர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டீயும் வந்தது. மாவட்டம் முழுமைக்கும் எது தேவை என்று திட்டம் பேசுகிற இடத்தில் நான் இருக்கிறேன், உங்கள் தெருக் குழாய் வரைக்கும் என் கை நீளாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்து பச்சைச் சீட்டு. ஒன்றியக் கவுன்சிலர் ஒரு பெண். ஊருக்கும் ஊருக்கும் நடுவே போகிற ரோடு, பள்ளிக்கூடக் கட்டடம் என்றால் என்னிடம் வாருங்கள், தெருத் தண்ணீர் உங்கள் ஊராட்சி வேலை என்றாளாம். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு.

"நீங்க போய் என்கிட்ட வந்து கேக்கறீங்களே அக்கான்னு சிரிக்கிறா, அம்மை. என்னத்துக்குச் சிரிச்சாளோ."

கடைசியாக ரோஸ் சீட்டு. ஊராட்சித் தலைவர். அவர் மட்டும்தான் தெருத் தண்ணீர் என் வேலை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் எந்தத் தெருவில் என்ன குறை என்று அந்தந்த வார்டு மெம்பர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னால்தானே தெரியும் என்றார். போன கூட்டத்தில் ஒவ்வொரு வார்டாகப் பேர் சொல்லிக் கேட்டாராம். வடக்குத் தெருவில் ஒரு குறையும் இல்லை என்று பதில் வந்ததாம்.

"குறையில்லையாம், அம்மை. ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்குது. குறையில்லைன்னு சொல்லியாச்சாம்."

தனபாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மை திரியை எண்ணெயில் நனைத்தார்.

"மஞ்சள், பச்சை, ரோஸ். மூணுதானே சொன்னீங்க. வார்டு மெம்பருக்குப் போடற வெள்ளைச் சீட்டு?"

"அது எங்க தெருவுக்கு வரலை."

"எனக்குக் குடுத்தாங்களே."

"நீங்க வேற வார்டு. எங்க வார்டுல வெள்ளைச் சீட்டுக்குப் போட்டியே கிடையாது. நின்னது ஒரே ஆளு. அதனால ஓட்டு இல்லாமலே முடிஞ்சு போச்சு."

"யாரு அந்த ஆளு?"

தனபாக்கியத்துக்கு அழுகைக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நான்தான், அம்மை."

திரியைப் பிடித்திருந்த கை நின்றது.

அம்மை அவளையே பார்த்தார். அப்படி அவர் யாரையும் பார்த்து தனபாக்கியம் கண்டதில்லை. அரண்டு போனவர் மாதிரி இருந்தது முகம்.

"சும்மா பேருக்குத்தான்" என்று தனபாக்கியம் அவசரமாகச் சொன்னாள்.

வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆம்பிளைகள் டீக்கடையில் உட்கார்ந்து பேசி, துரைக்கண்ணு வீட்டம்மா பேரைக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். துரைக்கண்ணு அவள் வீட்டுக்காரர். கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிறார். சோறு வடிக்கிற நேரத்தில் வந்து கையெழுத்துக் கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு போட்டாள். வார்டு உறுப்பினர் என்று அவருடைய வண்டி முன்னால் பெயின்ட் அடித்து எழுதியாயிற்று. ஊரில் அவரைத்தான் மெம்பர் என்பார்கள். அவள் மெம்பரம்மா. கூட்டம் என்றால் கஞ்சி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அவர் போவார். அவள் நாற்காலியில் உட்காருவார். திரும்பி வரும்போது ஒரு மிக்சர் பொட்டலம் கொண்டு வருவார்.

"அப்போ குறையில்லைன்னு சொன்னது?"

தனபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவருதான். நேத்து வீட்டுக்கு வந்து அவர்கிட்ட கேட்டேன். எனக்கெப்படித் தெரியும்னாரு. அவருக்குத் தெரியாதுதான், அம்மை. பகல்ல கடையில கேன் தண்ணி. வீட்டுக்கு வந்தா டீயோட சரி. எடுத்ததும் குறை சொன்னா நம்மளை மதிக்க மாட்டாங்க, சமயம் பார்த்துச் சொல்றேன்னாரு. நாளைக்குக்கூடக் கூட்டம் இருக்கு."

கொஞ்சம் நிறுத்தி, நிலைமையை லேசாக்குவதற்காகச் சொன்னாள்.

"எங்க வீட்ல தண்ணி பிடிக்கிறது நான். பேசுறது அவரு."

அம்மை சிரிக்கவில்லை.

"பதவி ஏத்துக்கிட்டது?"

"அதுக்கு மட்டும் நான்தான் வரணும்னுட்டாங்க. பட்டுப்புடவை கட்டிக்கிட்டுப் போனேன். ஒரு தாளைக் குடுத்துப் படிக்கச் சொன்னாங்க. படிச்சேன்."

"என்னன்னு?"

"ஞாபகம் இல்லையே. அத்தனை பேரு முன்னாடி படிச்சுப் பழக்கமில்லை."

"யாரு பேரைச் சொல்லிப் படிச்சீங்க?"

தனபாக்கியம் வாயைத் திறந்தாள்.

விளக்கைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"கடவுள் பேரால" என்றாள்.

"சத்தமாவா?"

"மைக் வச்சிருந்தாங்க."

"அப்போ அவருக்குக் கேட்டிருக்கும்" என்றார் அம்மை.

திருநீற்றுத் தட்டு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

தனபாக்கியம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

*

நெற்றி ஏன் வெறுமையாக இருக்கிறது, அத்தை என்று நிரோஷா கேட்டாள். மறந்துவிட்டேன் என்று சொல்லி அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. என்ன அபச்சாரம் செய்தேன் என்று யோசித்தாள். குளித்துவிட்டுத்தான் போனாள். செருப்பை வெளியில்தான் விட்டாள். பூ வாடியதா, எண்ணெய் பழசா. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மைக் வச்சிருந்தாங்க என்று தான் சொன்னது மட்டும் காதுக்குள்ளேயே நின்றது.

*

மறுநாள் தண்ணீர் விடுகிற முறை.

குழாய் அவள் வீட்டுக்கு நேர் எதிரில். குடங்கள் வரிசையாக நின்றன. அமுலு ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்தவள், அப்படியே ஒரு குடம் பிடித்து வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம் என்று நின்றாள். பையனால் இன்னும் கண் திறக்க முடியவில்லை என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். தனபாக்கியம் குடத்தோடு வெளியே வந்ததைப் பார்த்துவிட்டாள்.

"வழி விடுங்கடி. கவர்மென்ட் குடம் வருது."

யாரும் சிரிக்கவில்லை. தனபாக்கியம் பேசாமல் குடத்தை அமுலுவின் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வாசலுக்குத் திரும்பினாள். நிரோஷாவை வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு இமையை இழுத்துப் பார்த்தாள். வெள்ளைதான். ஆனால் ஓரத்தில் என்னவோ மாதிரி இருந்தது. வெயில் படவில்லை, அதனால் அப்படித் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டாள்.

துரைக்கண்ணு கஞ்சி போட்ட சட்டையில் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினார்.

அப்போதுதான் தெருமுனையில் அம்மை வந்தார்.

குடிலை விட்டு இறங்கி அவர் யார் வீட்டுக்கும் போனதில்லை. காலில் செருப்பில்லை. கையில் ஒரு தட்டு. தட்டில் கற்பூரம், கொஞ்சம் பூ, ஒரு காலிச் சொம்பு.

நேராகக் குழாயடிக்குப் போனார். பெண்கள் விலகினார்கள். சொம்பு நிறையப் பிடித்துக்கொண்டு தனபாக்கியத்தின் வாசலுக்கு வந்தார்.

தனபாக்கியம் பதறி ஓடி வந்து காலில் விழப் போனாள். அம்மை அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். நேராக நிற்க வைத்தார். சொம்பை அவள் காலடியில் வைத்தார். பூவைப் போட்டார். கற்பூரத்தை ஏற்றி, விளக்குக்குக் காட்டுவது போல அவளுக்குக் காட்டினார்.

பிறகு அந்த ஈர மண்ணில், நெற்றி தரையில் படும்படி, அவள் காலில் விழுந்தார்.

எங்கோ ஒரு குடம் சாய்ந்து உருண்டது. எடுக்க யாரும் போகவில்லை.

துரைக்கண்ணு வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு காலை ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார்.

தனபாக்கியம் காலைப் பின்னால் இழுத்தாள். முதுகில் சுவர் இடித்தது.

"அபச்சாரம், அம்மை. எழுந்திருங்க. என் காலுல போய் நீங்க... ஐயோ, எழுந்திருங்க."

அம்மை எழவில்லை. மண்ணைப் பார்த்தபடியே கும்பிட்டார். தனபாக்கியம் தினமும் விளக்கின் முன்னால் சொல்கிற அதே வார்த்தைகள்.

"தாயே, வடக்குத் தெருவுக்கு நல்ல தண்ணி குடு. ஆஸ்பத்திரியில இருக்கற பிள்ளையை எங்க கையில திருப்பிக் குடு. வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாம நீதான் பார்த்துக்கணும்."

குழாயடியில் ஒரு குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அமுலு மெதுவாக நடந்து வந்தாள். அம்மைக்குப் பக்கத்தில் நின்றாள். தனபாக்கியத்தைப் பார்த்துக் கை கூப்பினாள். அந்த முகத்தில் கேலி இல்லை.

தனபாக்கியத்தால் அதைப் பார்க்க முடியவில்லை.

"கேக்குதா, தனம்மா?" என்றார் அம்மை, தலையைத் தூக்காமலே.

கற்பூரம் எரிந்து அணைந்தது.

தனபாக்கியம் குனிந்து சொம்பை எடுத்தாள். நாற்றம் மூக்கில் ஏறியது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"கேட்டுச்சு, அம்மை."

துரைக்கண்ணு தொண்டையைச் செருமினார். கூட்டத்துக்கு நேரமாகிறது, அந்தச் சொம்பை இப்படிக் கொடு, நானே கொண்டு போய்த் தலைவரிடம் காட்டுகிறேன் என்று கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள். சொம்பைத் தளும்பாமல் மார்போடு அணைத்துப் பிடித்து, தெருவில் இறங்கினாள். நாலடி போன பிறகு திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க போய் வரிசையில நில்லுங்க. அமுலுவுக்கு அப்புறம் நம்ம குடம்."